காய்ச்சலுக்காகச் செத்த பெரியம்மா

21.11.2005, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வாவித் தண்ணீர் எங்கள் இறால் வாடியின் பின்படி வரைக்கும். உள்ளே பெண்கள் வழக்கம்போல ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரிக்கிறார்கள், காலில் வெறும் பாட்டாச் செருப்பு. பூட்ஸ் இருப்பது ஒரு சோடி. அது சூப்பவைசருக்கு, அதாவது, ஐஸ் பக்கமே போகாத எனக்கு.

வாகரைப் பாக்கியத்துக்குக் காய்ச்சல். விரலிடுக்கெல்லாம் புண். இருமலைச் சேலைத் தலைப்பில் ஒளிக்கிறாள். காய்ச்சலுக்கு இங்கே லீவு இல்லை. வராவிட்டால் கேட்டில் நிற்கும் அடுத்தவளுக்கு இடம் போய்விடும். சாவுக்கு மட்டும் ஒரு நாள் உண்டு.

சுனாமிக்கு முன்னர் காய்ச்சல் வந்தால் ஒரு மாமாவைச் சாகடிப்பார்கள். பாக்கியத்துக்குப் பக்கத்தில் உரிக்கும் ரஞ்சி ஒரே மாமாவைப் பல தரம் அடக்கம் செய்தவள். கடல் வந்து போனபின் ஒருத்திகூட அந்தப் பொய் சொல்வதில்லை. காய்ச்சலோடே நிற்கிறார்கள்.

22, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பாக்கியம் ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி சரிந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன்.

"ஒரு சாவச் சொல்லிப்போட்டுப் போய்ப் படன் புள்ள."

"ஆரண்ண சொல்ல? அவரையும் மகனையும் கடல் கொண்டு போயிட்டு. இன்னும் ஆர நான் வாயால சாகடிக்க? என்னால ஏலாது."

வாயாடி என்று பெயரெடுத்த என் நாக்கு முந்திக்கொண்டது.

"சரி, சாவு என்ர சொந்தக்காரர் பக்கம். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

மனேஜரிடம் போனேன். மீசை வருவதா வேண்டாமா என்று யோசிக்கும் வயசு, கெட்ட பெடியன் இல்லை. தன்னாமுனைப் பெரியம்மா காலமாகிவிட்டார், பாக்கியம் அவருக்கு மகள் முறை, இருவரும் போகவேண்டும் என்றேன். குரல்கூட உடைந்தது. அருமையான நடிப்பு.

"அடக்கம் எப்ப அண்ண?"

"நாளைக்கு நாலு மணிக்கு." மணி வரைக்கும் சொல்லச் சொன்னது யார் இந்த நாக்கை!

23, புதன்

லீவில் வீட்டில் பகல் சாப்பாடு, குட்டித் தூக்கம். எழும்பும்போதுதான் மண்டையில் அடித்தது: செத்த வீடென்றால் முழு வாடியும் வாடகை வான் பிடித்துப் போகுமே!

சைக்கிளில் விழுந்தடித்துத் தன்னாமுனைக்கு. வான் முந்திவிட்டது. முற்றத்தில் மனேஜர், கையில் மலர்வளையம். எதிரே பெரியம்மா, கையில் சுளகு, வளையத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தபடி.

"டேய், நான் எதாலடா செத்த?"

"பாக்கியத்துக்குக் காய்ச்சல், பெரியம்மா."

"அப்ப காய்ச்சலெண்டு சொல்றதுக்கென்ன?"

வானுக்குள்ளிருந்து ரஞ்சி: "காய்ச்சலுக்கு லீவு இல்ல ஆச்சி. ஆரும் செத்தாத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மனேஜர் மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெரியம்மா வாங்கிக்கொண்டார். "தா மனே. பூவென்ன பாவம் செய்த."

24, வியாழன்

வெயில். பாக்கியத்தை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துவிட்டார்களாம், நெஞ்சில் சளி. ஒரு நாள் சாவு லீவு காணாது.

மனேஜர் கூப்பிட்டார். என் வேலை போச்சு என்றே போனேன்.

"பாக்கியத்துக்குச் சுகம் வரட்டும் அண்ண. ஆனா இடம் வெறுமையாக் கிடந்தா முதலாளி வேற ஆள் போட்டிருவார்."

"கிடக்காது" என்றேன். நாக்கு, மறுபடியும்.

பூட்ஸை ரஞ்சி பறித்துப் போட்டுக்கொண்டாள். பாக்கியத்தின் இடத்தில், பாக்கியத்தின் பாட்டாவில், நான். முதல் கூடை முடியவில்லை, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. வயிறு மறைத்தது. இதில் அவள் மாசக்கணக்காக நின்றிருக்கிறாள்.

பின்னேரம் தும்மல். மறுபடி தும்மல்.

ரஞ்சி இறாலை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.

"என்னண்ண, நாளைக்கு ஆரு சாகிற?"