லீக்ஸ் இலைச் சிலுவை

ரண்டர்ஸ்,
வியாழன் காலை.

அன்பின் டிலானியின் அப்பாவுக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? மகளின் இருமல் நின்றதா?

இங்கே சில கிறிஸ்தவத் தாய்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாங்களே வீட்டில் படிப்பிக்கிறார்கள். புதன்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளைத் தேவாலய மண்டபத்தில் சேர்த்துப் பாட்டும் கைவேலையும் பழக்குவார்கள். நேற்று எனக்கு ஓய்வு நாள். குருத்து ஞாயிறு வருகிறதே, ஓலைச் சிலுவை மடிக்கக் கற்றுத்தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். ஓலைக்கு எங்கே போவது? வெங்காயத்தாள் போல நீண்ட லீக்ஸ் இலையைக் கீறிக் கொடுத்தேன். மண்டபமே கறிச்சட்டி போல மணந்தது.

எங்கள் மகளின் வயதுச் சிறுமி ஒருத்தி, தாயின் மடியில் சாய்ந்தபடி டெனிஷ் மொழியில் கேட்டாள்.

“உங்களுக்குப் பிள்ளை இருக்கோ?”

“ஓம், உம்மடை வயசுதான்.”

“அப்ப அவவுக்கு வீட்டிலை ஆர் படிப்பிக்கிறது?”

தாய் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கப் பிள்ளை அவள் பக்கத்திலேயே! எனக்கு வயிறு எரிந்தது. சிலுவையை இறுக்கும் கடைசி மடிப்பை வேண்டுமென்றே சொல்லிக்கொடுக்காமல் விட்டேன். எல்லாச் சிலுவையும் கழன்றது. பச்சை இலை அப்படித்தான் என்று சமாளித்தேன். சிரிக்காதீர்கள், குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன்.

முதியோர் இல்லத்து வேலைக்கு நேரமாகிறது. மிளகாய்த்தூள் அனுப்புங்கள். மகள் மடித்த ஓலைச் சிலுவை ஒன்றும் வையுங்கள். கடைசி மடிப்பை அவள் மறந்திருந்தால் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கழன்றபடியே அனுப்புங்கள். அதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

மெற்றில்டா