செவலைக்குப் போட்ட ஊசி

சந்தியா அப்பாவுக்கு,

நம் செவலை நாயை நேற்று ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். வயிற்றில் கட்டி பெருத்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் முனகிக்கொண்டே கிடந்தது. "ஏரிக்கரையில வுட்டுட்டு வா அண்ணி, தானா போய்டும்" என்றான் உங்கள் தம்பி. நான் ஆட்டோ பிடித்து, உத்திரமேரூர் மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

"மொத ஊசியில தூங்கிடும்மா, ரெண்டாவதுல மூச்சு நின்னுடும். கண்ணு தொறந்தேதான் இருக்கும், பயப்படாதீங்க. வெளிய நிக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் இன்னாத்துக்கு வெளிய போறேன்? என் மடியிலயே வெச்சிப் போடுங்க."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. கடைசியில் ஒருமுறை கால் உதறியது, என் புடவை நனைந்தது. நான் அசையவில்லை.

கிணற்றுமேட்டில் குழி வெட்டும்போது உங்கள் தம்பி ஓடி வந்தான்.

"எங்க நெலத்துல நாயப் பொதைக்கிறியா?"

"ஒங்கண்ணன் போனதுலேர்ந்து இதுல பயிர் வெச்சிக்கினு கீறவ நான். எனக்கு இல்லாத நெலமா?" என்றேன். போய்விட்டான்.

நீங்கள் வாலாஜாபாத்தில் அவள் வீட்டுக்குக் குடி போன பிறகும், எந்த பைக் சத்தம் கேட்டாலும் செவலை வாசலுக்கு ஓடும். நான் ஓடியதில்லை. இனி வந்தால் நீங்கள் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். திறப்பதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா