கெடு வைக்கிறவர்

மார்ச் 4
குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைத் திறக்கத் தேதி குறித்தாகிவிட்டது: ஏப்ரல் 20. எந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் மருத்துவமனைத் தலைவர் ஊரில் இருக்கிறாராம். தேதியை அறிவித்துவிட்டு, அட்டவணை போட என்னைக் கூப்பிடுகிறார் எங்கள் திட்ட மேலாளர். சட்டையைத் தைத்துவிட்டு அளவெடுக்கக் கூப்பிடுவது போல. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கெடு'. கெடு வைப்பதும் அவர்தான், கெடுப்பதும் அவர்தான்.

மார்ச் 11
கூட்டம். கெடு ஒவ்வொருவரையும் கேட்டார், "முடியுமா?" பெயின்ட் அடிப்பவர், "முடிச்சிரலாம் சார்." மின்சாரக்காரர், "ஜமாய்ச்சிரலாம் சார்." ஆக்சிஜன் குழாய் ஒப்பந்தக்காரர் ஒரு படி மேலே: "முன்னாடியே முடிச்சுத் தர்றேன் சார்." குழாயே இன்னும் வந்து இறங்கவில்லை! வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார் — "அட்டவணைதானே மேடம், இழுத்துக்கலாம்." அட்டவணை என்ன ரப்பரா?

மார்ச் 12
தலைவலி.

ஏப்ரல் 3
நினைத்தது நடந்தது. குழாய் வேலை பின்தங்கிவிட்டது. கெடு என் கணினித் திரையில் விரலை வைத்தார். குழாய்க் கசிவுச் சோதனை, ஒரு வாரம். "இதத் தூக்கிடும்மா. தேதி சரியாயிரும்."
"கசிஞ்சா?"
"திறந்தப்புறம் பாத்துக்கலாம்."
மூச்சுத் திணறுகிற பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டா? அந்தாளு மண்டைக்குள்ள என்னதான் இருக்கு? — சரி, எனக்கு? தலையாட்டிவிட்டுத்தானே வந்தேன்.
வீட்டுக்காரர், "சம்பளம் குடுக்கறவர் சொல்றாரு, நீ ஏன் டென்ஷன் ஆகுற?" என்கிறார். ஒரே மூளையை இவருக்கும் கெடுவுக்கும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருப்பார்கள் போல.

ஏப்ரல் 4
சோதனையைத் தூக்கவில்லை. திறப்பை ஏப்ரல் 30 என்று மாற்றி, அட்டவணையை, பிரிவை ஏற்று நடத்தப்போகிற தலைமை மருத்துவருக்கே நேராக அனுப்பிவிட்டேன். ஏன் என்று இரண்டு வரி.

ஏப்ரல் 6
திட்டத்தில் நான் இல்லை. "உன்கிட்ட டீம் ஸ்பிரிட்டே இல்லம்மா" — மருத்துவமனை உணவுக்கூடத்தைப் புதுப்பிக்கும் வேலைக்குத் தூக்கியடித்துவிட்டார் கெடு. தலைமை மருத்துவரிடமிருந்து பதிலே இல்லை. அவரும் ஒரு தலையாட்டிதானா?

ஏப்ரல் 21
இல்லை. நேற்று திறப்பு விழா நடக்கவில்லை. சோதனை முடியாமல் சாவியை வாங்க மாட்டேன் என்று பத்து நாளைக்கு முன்பே சொல்லிவிட்டாராம் தலைமை மருத்துவர். சோதித்தார்கள். இரண்டு கட்டில்களுக்குப் பின்னால், சுவருக்குள் கசிவு. பூசிய சுவரை உடைக்கிறார்கள். கெடு கூட்டத்தில் சொன்னாராம்: "சோதனை பண்ணணும்னு நான் அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்."
எந்தத் தலையால், ஐயா?

மே 6
பிரிவைத் திறந்துவிட்டார்கள். எனக்கு அழைப்பில்லை. அங்கிருக்கும் தலைமைச் செவிலியர் அக்கா மட்டும் மத்தியானம் போன் செய்தார். "மொதப் புள்ள வந்திருச்சு. இப்ப மூச்சு சீரா இருக்கு. உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு."
கண்ணைத் துடைத்துக்கொண்டு உணவுக்கூடக் கூட்டத்துக்குப் போனேன். எப்போது திறக்கலாம் என்று கேட்டார்கள். கையோடு கொண்டுபோன அட்டவணையைப் பெருமையாக விரித்தேன். கதவோரம் நின்ற சமையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"அடுப்பக் கழட்டினப்புறம் நோயாளிங்களுக்கு எங்க சமைக்கறதுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"
யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.