ரயில்வே கேட்டு பக்கத்து வீட்டுப் பேச்சு

அன்பு மகளுக்கு,

ரயில்வே கேட்டு பக்கத்து வீட்டைக் காலி பண்ணிட்டு, போன மாசம் குருசுக்குப்பத்துல ஒரு சந்து வீட்டுக்கு வந்துட்டோம். கேட்டுல நிக்கிற லாரிங்களோட ஹாரன் சத்தம் இங்க இல்லவே இல்ல. அம்மா மத்தியானத்துல நல்லா தூங்குறா.

வந்த அன்னிக்கு நான் காபி கேட்டதுக்கு, சண்டைன்னு நெனச்சு பக்கத்து வீட்டு இருதயமேரி ஓடி வந்துட்டாங்க. "இவரு பேச்சே அப்படித்தான், லாரி சத்தத்துல பழகிப்போச்சு"ன்னு அம்மா சிரிச்சா. இருபத்தஞ்சு வருஷமா உன்கிட்டயும் கத்தித்தான் பேசியிருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுது.

இப்ப மெதுவா பேசப் பழகிட்டேன். நேத்து அம்மாவே, "என்ன சொன்னீங்க?"ன்னு திருப்பிக் கேட்டா.

ஆனா உன் கல்யாணத்தப்ப நான் கத்தினதுக்கு லாரி மேல பழி போட மாட்டேன். அது என் கோவம்தான். தப்பும்மா.

கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளையோட வா. கடல் காத்து வர்ற ரூம்பை உங்க ரெண்டு பேருக்கும் ஒழிச்சு வச்சிருக்கோம்.

உன் அப்பா