பனியும் ஒரு விரலும்

மார்ச் 4

நீராவி, மெத்தனால், அம்மோனியா மூன்றையும் கலந்து, கடுங்குளிரில் வைத்த சிறு கண்ணாடியில் படியவிட்டேன். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் பனி படிவதும் இப்படித்தான். நாளை புறஊதா ஒளி. அது பட்டால் பனிக்குள் அமினோ அமிலங்கள், உயிரின் முதல் செங்கற்கள், உருவாகும்.

ஆறு வருடத்துக்கு முன் உருவாகவும் செய்தன. அதை அறிவித்த நாளில், நிறைந்த அரங்கில் என் மனைவியின் அண்ணன் எழுந்து, "மாப்ளே, இது வானத்துலேர்ந்து வரல, உங்க விரல்லேர்ந்து வந்திருக்கு" என்றார். விரல் வியர்வையிலும் அதே அமிலங்கள் உண்டு. சிரித்தவர்கள் ஒவ்வொருவரின் முகமும் நினைவிருக்கிறது. அதோடு பேச்சு நின்றது. அவருடைய ஆய்வுக்கூடம் மேல்மாடியில். அவர் படிக்கட்டில் வந்தால் நான் லிஃப்டில் ஏறுவேன்.

இம்முறை மெத்தனாலில் கனமான கார்பன். பனியில் பிறந்தது எடை கூடியிருக்கும். விரலிலிருந்து வந்தது லேசாக இருக்கும். பார்த்துவிடலாம்.

மார்ச் 5

புறஊதா விளக்கு, உள்ளே ஹைட்ரஜன் வாயு என்பதால், இளஞ்சிவப்பாய் எரிகிறது. அழகு. யாரிடம் சொல்ல?

மார்ச் 7

குளிரூட்டிக்குத் தண்ணீர் போகும் குழாய் பிளந்துகொண்டது. பனி உருகினால் எல்லாம் போச்சு. மேல்மாடியில் அதே குழாய் உண்டு— கேட்பதா? செத்தாலும் மாட்டேன். ஒரு கையால் பிளவை அழுத்திக்கொண்டு, மறு கையில் ஃபோனோடு மனைவியிடம் கத்தினேன். கத்தத்தான் செய்தேன், அவரிடம் கேட்கச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் மச்சான் குழாயோடு நின்றார்.

"உங்களோட பேச வரல. ஸ்பேனரக் குடுங்க."

"அவ சொன்னாளா?"

"அழுதா. ரெண்டு எருமையும் ஒரே கட்டடத்துல நின்னுக்கிட்டு என்னை ஏன் அழவைக்கிறீங்கன்னா."

நனைந்த சட்டையோடு மண்டியிட்டு மாட்டினார். பனி தப்பித்தது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

மார்ச் 12

பனியை மெல்லச் சூடாக்கினேன். மிஞ்சியது ஒரு மஞ்சள் கறை. அதைக் கழுவிக் குப்பியில் எடுத்தேன். மச்சான் வந்திருந்தார்— நான் கூப்பிடவில்லை, கதவைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். குப்பியின் மூடி உருண்டது. வெறுங்கையால் பிடித்து மூடிவிட்டார்.

"கையுறை!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "மாப்ளே... கெடுத்துட்டேனா?"

ஆறு வருடம் காத்திருந்த தருணம்! ஒரு ஜோடிக் கையுறையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"கனமான கார்பன் போட்டிருக்கேன். உங்க விரல் தனியாத் தெரியும்" என்றேன்.

மார்ச் 14

வரைபடத்தில் உயரமான முகடு: கனமான கிளைசின், அமினோ அமிலங்களில் எளியது. பனியில் பிறந்ததேதான். பக்கத்திலேயே லேசானது, குட்டியாய்.

மார்ச் 17

வரைபடத்தை வீட்டில் மனைவி முன் விரித்தேன்.

"பெரிசு சரி. இந்தக் குட்டி என்ன?" என்றாள்.

"உங்கண்ணன்."

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர்.

ஞாயிறு சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட நானே மேல்மாடிக்குப் போனேன். படிக்கட்டில். கட்டுரையில் அந்தக் குட்டி முகட்டை மறைத்துவிடச் சொன்னார், வெட்கமாம்.

"முடியாது மச்சான்" என்றேன். "அது இருக்கட்டும்."