கோமான் கழுத்தில் ஒலிக்கும் முரசு

மழை பொய்யாத வேங்கைநாட்டின் பேரரசர் பெருங்கீரனார் திருவாணைப்படி, அவர்தம் அமைச்சனும் அரண்மனை மருத்துவனுமாகிய நக்கண்ணன், ஆலங்கரைச் சீமையின் காவலரும், பதினெட்டு ஏரிகளின் தலைவரும், கசப்பு மருந்தென்றால் காத தூரம் ஓடுபவருமாகிய நெடுங்கணைக்கோன் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் பெருகுக; தேவியார் குறிஞ்சிமாலையார் நலம் பெறுக; தங்கள் கழுத்து மட்டும் இளைக்க.

தங்கள் கழுத்தின் இடப்புறம் ஒரு கட்டி எழுந்ததையும், தை மாதத்தில் கொட்டைப்பாக்கு அளவிருந்த அது ஆனியில் எலுமிச்சை அளவாகிவிட்டதையும் தேவியார் தனியோலையில் எழுதியிருக்கிறார். தாங்களோ, அது செல்வப் பெருக்கின் அடையாளமென்று அவையோர் சொன்னதை நம்பி, அதற்குச் சந்தனம் பூசி, பொன்னாரம் சார்த்தி உலா வருகிறீர்களாம். வயலில் கோரை வளர்ந்தால் தாங்கள் விழா எடுப்பதில்லையே, கோமானே!

சென்ற கார்காலத்தில் தங்கள் பேரேரி உடைந்த கதையை நினைவூட்டுகிறேன். ஆலங்கரை வழக்கப்படி, தூதன் கொணர்ந்த ஓலையை வாயில்காப்போன் வாங்கிச் சைகை காட்ட, முரசறைவோன் கொற்றன் முரசு கொட்ட, ஊரார் மண் சுமந்தனர். உடைப்பு அடைபட்டதும் அதே தூதன் வந்து முரசை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவனோ விருந்துண்டு உறங்கிவிட்டான். ஆணையின்றி நிறுத்துவது குற்றமென்று அஞ்சிய கொற்றன் ஒன்பது நாள் கொட்டினான். ஊராரும் ஒன்பது நாள் மண் கொட்ட, கரை மதகை மூடி, வயலில் இறங்கி, தங்கள் மாமனாரின் மாந்தோப்பையும் விழுங்கியது. அதை எழுதி எங்கள் அவையையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் தாங்கள்தாம்.

அந்த முரசுதான் இப்போது தங்கள் கழுத்துக்குள் ஒலிக்கிறது. நம் தசை எண்ணிலடங்கா உயிரணுக்களால் ஆனது; ஒவ்வொன்றின் சுவரிலும் வாயில்காப்போர் உண்டு. உடம்பில் காயம் பட்டால் வளர்ச்சித் தூதர் வந்து வாயில்காப்போரைத் தொட, உள்ளே முரசு கொட்ட, ஒன்று இரண்டாகப் பெருகிப் புண் ஆறும். தூது நின்றால் முரசும் நிற்கும். தங்களுக்கு வந்திருப்பதாக நான் ஐயுறும் புற்றுநோயிலோ அது நிற்பதில்லை. சிலருக்கு வாயில்காப்போர் அளவின்றிப் பெருகி ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, வராத தூதனை வந்தானென்று அறிவிக்கின்றனர். இன்னும் சில அணுக்கள் தமக்குத் தாமே ஓலை எழுதி, தாமே வாசித்து, தாமே தலைவணங்கும். தங்கள் அவையோரைப் போல. தங்கள் கட்டியிலோ, தூதுமில்லை, சைகையுமில்லை; உள்ளிருக்கும் முரசறைவோனின் கையே ஓயாமல் கொட்டும்படி மாறிப்போயிற்று என்பதே என் கணிப்பு. அது தனக்கெனப் புதுக் குருதி வாய்க்கால்களையும் வெட்டிக்கொள்ளும். பிறகு உடம்பின் பிற உறுப்புகளாகிய அயலூர்களில் குடியேற ஆள் அனுப்பும்.

குடியேறிவிட்டால் என் கத்தி அங்கெல்லாம் எட்டாது. இன்று வெட்டியெடுத்து, முரசறைவோன் கையைப் பிடிக்கும் மருந்தையும் தந்தால் பிழைக்க வழியுண்டு. மருந்துக்குத் தப்பி முரசு வேறு வழியில் ஒலிப்பதும் உண்டு. ஆகவே உறுதி சொல்லேன். விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, எனக்கு அச்சமாயிருக்கிறது. தேவியாரின் ஓலையில் எலுமிச்சை என்ற சொல்மேல் மை கலைந்திருந்தது.

ஆகையால் பேரரசர் ஆணை: இவ்வோலை கண்ட அன்றே தாங்கள் தலைநகர் புறப்பட வேண்டும். நாள் பார்க்கிறேன், நட்சத்திரம் பார்க்கிறேன் என்பது செல்லாது. பல்லக்கும் பன்னிரு ஆட்களும் தங்கள் வாயிலில் நிற்கின்றனர்.

ஓலை கொணர்ந்தவன் கொற்றனே. தங்களால் வேலையிலிருந்து நீக்கப்பட்டு எம்மிடம் வந்த அவன், அன்று தன்னை நிறுத்தச் சொல்ல ஒருவரும் வரவில்லையென்றும், கோமானுக்காவது காலத்தில் ஒருவர் வந்து சொல்ல வேண்டுமென்றும் வேண்டி, தானே இப்பணியைக் கேட்டுப் பெற்றான். தாங்கள் இதை வாசிக்கும்போதே அவன் வாயிலில் முரசு கொட்டத் தொடங்கியிருப்பான். இம்முறை நிறுத்தும் ஆணை தெளிவாகத் தரப்பட்டிருக்கிறது: தங்கள் பாதம் பல்லக்கில் பட்டதும் நிறுத்துவான், அதுவரை ஒன்பது நாளானாலும் கொட்டுவான்.

வேங்கைப் பொறியிட்டு விடுத்தோம். ஏறுக.