மேஸ்திரிக்கு ஆறு மணி ஊசி

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டி நாலு பக்கம் எழுதுவாய், ஆகையால் கேட்கவில்லை. போனில் பேசலாம் என்றால், பெயிண்ட் கலக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே பதினெட்டு வருஷம் நின்று என் காது பாதி போய்விட்டது. நீ பேசப் பேச நான் "ஆங்? ஆங்?" என்று கேட்டு, கடைசியில் இருவருக்கும் கோபம்தான் மிச்சம்.

விஷயம் உன் பூனையைப் பற்றியது. மேஸ்திரிக்குச் சர்க்கரை வியாதி என்று மருத்துவரம்மா சொல்லிப் பத்து வாரம் ஆகிறது. காலை ஆறு மணிக்கு ஒரு ஊசி, மாலை ஆறு மணிக்கு ஒரு ஊசி. ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஐந்தரை ஆனதும் பாதி கலந்த நிறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிறேன். முதலாளி, "வீட்ல யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று விசாரித்தார். பூனைக்கு என்றதும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் சர்க்கரை இறங்கவே இல்லை. மருத்துவரம்மா இரண்டு முறை மருந்தின் அளவை ஏற்றிப் பார்த்துவிட்டார். கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறான், வாசல் மிதியடியை நனைக்கிறான். பின்னங்கால்களில் வலுவில்லை, குதிகாலைத் தரையில் பதித்து நடக்கிறான். அலமாரி உச்சியில் உட்கார்ந்து நம் வேலையை எல்லாம் மேற்பார்வை பார்த்ததால்தானே மேஸ்திரி என்று பெயர் வைத்தாய்? அந்த மேஸ்திரி இப்போது நாற்காலியில் ஏறுவதற்கே நின்று யோசிக்கிறான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மருத்துவரம்மாதான் அவரைச் சொன்னார். "நாப்பது வருஷம் ஊசி போட்ட கை தம்பி, எங்கிட்ட குடுத்துடுங்க. ஆனா குடுத்தா குடுத்ததுதான். அப்பப்ப வந்து பாத்தா பூனை குழம்பிப் போயிடும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் என் கையில் இருந்தால் அவன் பிழைக்க மாட்டான் என்று தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கேன்டீனில் படித்தேன். பாதியில் எழுந்து போய்க் குழாயடியில் நின்று அழுதுவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

வேலைக்காக நான் கிளம்பிய அன்று ரயில் நகரும்போது என்ன சொன்னாய்? "பூனைதானே, நான் பாத்துக்கறேன் போ" என்றாய். "பூனைதானே" என்ற அந்தச் சொல் எனக்கு அன்றைக்கே உறுத்தியது. உனக்கு அவனைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் போடுகிற கையைத்தானே சந்தேகப்பட வேண்டும்? நிஜமாகவே ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை அவசர அவசரமாகக் குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறாயா?

இப்படி எழுதக் கூடாது என்று தெரிந்தே எழுதுகிறேன். பிஸ்கட் ஆலையில் ஒப்பந்தம் முடியும் வரை என்னால் வர முடியாது. இந்த ஹாஸ்டலில் ஒரு மீன் வளர்க்கக்கூட விட மாட்டார்கள். கோபப்பட மட்டும்தான் எனக்கு இங்கே அனுமதி இருக்கிறது.

வாலு

மார்ச் 15

வாலுக்கு,

ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டுவிட்டாய். சரி, கேட்டுக்கொள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். குளிர்பெட்டியிலிருந்து மருந்துப் புட்டியை எடுப்பேன். அடியில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். அதை அப்படியே உறிஞ்சிப் போட நான் என்ன சோம்பேறியா? கடையில் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் எப்படியோ அப்படித்தான்: அறுபது எண்ணும் வரை, நுரை கட்டும் வரை, குலுக்கு குலுக்கென்று குலுக்குவேன். பதினெட்டு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு டப்பா திட்டுத் திட்டாக வெளியே போனதில்லை. பிறகு அளவுக் கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உறிஞ்சி, அவன் பிடரித் தோலைத் தூக்கிக் குத்துவேன். அவனும் சாதுவாகக் காட்டுவான். பிடிக்காதவனிடம் ஒரு பூனை அப்படிக் காட்டுமா என்று நீயே யோசி.

டீ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வருகிறார். உன்னிடம் கேட்டுவிட்டு நானே முடிவு செய்வது தவறுதான். ஆனால் உன் பூனை என் கண் முன்னால் கரைந்து போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 19, விரைவு அஞ்சல்

அண்ணா,

குலுக்காதே.

என் பக்கத்து மேசைக்காரிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். "குலுக்குறாரா? ஐயையோ, இந்த மருந்த அப்படிக் குலுக்கினா வீணாப் போயிடும்டி. உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டணும்" என்றாள். கடைக்குப் போன் செய்தேன். உன் முதலாளி "சொல்றேம்மா" என்றார். அவரை நம்பி இருக்க முடியாது.

மருத்துவரம்மாவிடம் உடனே போ. அவரைக் கேட்காமல் புதுப் புட்டியைத் தொடாதே. பூனையைக் கொடுத்துவிடாதே.

வாலு

மார்ச் 25

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. படித்து முடித்ததும் மருந்துப் புட்டியைப் பையில் போட்டேன். மேஸ்திரியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மருத்துவரம்மா என் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குலுக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தப்பு எம்மேலயும் இருக்குங்க. நீங்க குத்துறதத்தான் பாத்தேன். புட்டிய எடுக்குறதப் பாக்கல" என்றார். பிறகு, "நல்லவேளை கேட்டீங்க. ஏத்தி வச்ச அளவுலயே புது மருந்தப் போட்டிருந்தா சர்க்கரை படுவேகமா இறங்கி ஆளே சாஞ்சிருப்பான்" என்று சொல்லி, பழையபடி சின்ன அளவுக்கே எழுதிக் கொடுத்தார். புதுப் புட்டியைத் தொடாதே என்ற அந்த ஒரு வரியை நீ எழுதாமல் விட்டிருந்தால், நான் வழியிலேயே புதுப் புட்டி வாங்கிப் போட்டிருப்பேன்.

ஞாயிறு காலை நர்ஸம்மா கூடையோடு வந்தார். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்று, பத்து நாள் தவணை கேட்டேன். அவர், "நான் பூனைக்காக வந்தவ தம்பி, உங்க வீம்புக்காக இல்ல. எங்க, உருட்டிக் காட்டுங்க" என்றார். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். "இன்னும் மெதுவா" என்றார். உருட்டினேன். "ம், இப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

என் கை வேலையில் எனக்கு இருந்த கர்வம்தான் உன் பூனையைப் படுக்க வைத்தது. மன்னித்துவிடு.

அண்ணன்

மே 20

வாலுக்கு,

வெற்றி. வெற்றி. வெற்றி. மூன்று முறை எழுதியாகிவிட்டது, இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நானூற்று இருபதில் இருந்த சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்துவிட்டது. ஒரு கிலோ ஏறியிருக்கிறான். மிதியடி காய்ந்து கிடக்கிறது. நேற்று மாலை நான் புட்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஏதோ அசைந்தது. நிமிர்ந்தால், அலமாரி உச்சியில் மேஸ்திரி. நாற்காலி, மேசை, அலமாரி என்று மூன்று தாவலில் ஏறியிருக்கிறான். நான் சரியாக உருட்டுகிறேனா என்று மேற்பார்வை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெயிண்ட் வாசனை என்று யாரிடமும் சாக்குச் சொல்லப் போவதில்லை.

நர்ஸம்மா வந்து தடவிப் பார்த்தார். "இவன் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, மருத்துவரிடம் தூக்கிப் போக உதவும் என்று கூடையை இங்கேயே விட்டுப் போனார். முதலாளியிடம் சொன்னேன். "அப்ப இனிமே ஆறு மணி வரைக்கும் இருப்பியா?" என்றார். ஆயுள் முழுக்க ஊசி உண்டு, ஐந்தரைக்குக் கிளம்புவேன் என்றேன். கடை முழுக்கச் சிரித்தது, நான் உட்பட.

அண்ணன்

நவம்பர் 8

அன்புள்ள அண்ணா,

ஒப்பந்தம் முடிந்தது, வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மாடியில் ஒரு சின்ன வீடும் பார்த்துவிட்டேன். பூனை இருக்கலாமா என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டேன், இருக்கலாமாம். பக்கத்து மேசைக்காரி எனக்கு ஊசி பழக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வருஷமாக உன்னைப் படுத்தியது போதும். அடுத்த சனிக்கிழமை வந்து மேஸ்திரியை அழைத்துப் போகிறேன். இனி நீ நிம்மதியாக டீ குடிக்கலாம்.

உன் வாலு

நவம்பர் 12

அன்புள்ள வாலுக்கு,

வேலை நிரந்தரமானதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், முதலாளிக்குக்கூட இரண்டு முறை சொன்னேன்.

சனிக்கிழமை கட்டாயம் வா. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கட்டிலில் பாதியை மேஸ்திரி பிடித்துக்கொண்டிருக்கிறான், மீதி உனக்கு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. மாலை ஊசியை நீயே போடு, நான் குறுக்கே வர மாட்டேன். அலமாரி மேலிருந்து அவன் பார்த்துக்கொள்வான்.

கூடை மட்டும் எடுத்து வராதே. போன வருஷம் ரயிலடியில் அவனை என் கையில் கொடுத்தாய். கொடுத்தால் கொடுத்ததுதான்.

உன் அண்ணன்